குரங்கின் வாலை வெட்டிய ‘ஒரு மனிதர்’

என் பக்கத்து வகுப்பு ஸ்டெல்லாவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்குச் செய்தித்தாள் வருமோ வராதோ, தெரியாது. வந்தாலும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் கிடக்கும் நம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எவன் எழுதப் போகிறான்? அதனால் நானே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பேரில் புத்தகம் போடுகிறார்களாம்டி!

நல்ல விஷயம்தானே அக்கா, எதுக்கு இப்படிக் கத்துறே என்று கேட்பாய். பொறு. உயிரோடு இருந்தவரை ஒரு நாளாவது என்னை முழுசாகப் பேச விட்டிருக்கிறாயா? இப்போதாவது கேள்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நம் இரண்டு யு.கே.ஜி. வகுப்புக்கும் நடுவே இருந்த பிளைவுட் தட்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் புது டீச்சர். அமைதியான பெண். நான் கூட்டல் நடத்திக்கொண்டிருக்கும்போது நீ புலி மாதிரி உறுமுவதும், என் பிள்ளைகள் கூட்டலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பதும், நான் தட்டியை இடித்து “ஸ்டெல்லா, மெதுவா!” என்று கத்துவதும் போயே போய்விட்டது. அமைதி எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிள்ளைகள் மட்டும் அதே கதம்பம்தான். விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வரும் பஞ்சாபியும் வங்காளியும், ரயில்வே காலனியிலிருந்து தெலுங்கும் மலையாளமும், மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள். வெளியே இங்கிலீஷ் மீடியம் என்று போர்டு. உள்ளே பாதிப் பிள்ளைகள் பேசுவது மீதிப் பிள்ளைகளுக்குப் புரியாது. அந்த வகுப்பில் ஆப்பிள் படத்தை ஓரமாக வைத்துவிட்டு நீ கதையைக் கையில் எடுத்தாய். “கண்ணாலயும் கையாலயும் சொன்னா எல்லாருக்கும் புரியும்க்கா” என்றாய். புரியத்தான் செய்தது.

அதிலும் அந்தக் குரங்குக் கதை. உனக்கு நினைவிருக்கும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். குரங்கு ஒன்றின் வாலில் முள் குத்திவிடுகிறது. அது முடி வெட்டுகிறவரிடம் போகிறது. அவர் முள்ளை எடுக்கும்போது வால் துண்டாகிவிடுகிறது. ‘வாலைக் கொடு, இல்லாவிட்டால் கத்தியைக் கொடு’ என்று அடம்பிடித்துக் கத்தியை வாங்கிக்கொண்டு போகிறது. கத்தியைக் கொடுத்து விறகு, விறகைக் கொடுத்து தோசை என்று ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி, கடைசியில் ஒரு மேளத்தோடு மரத்தில் ஏறி உட்கார்ந்து கொட்டுகிறது. நீ மேஜை மேல் ஏறிக் கொட்டுவாய். புடவையோடு!

முதல் தடவை சொன்னபோது நீ செய்த தப்பையும் எழுதத்தான் வேண்டும். உங்கள் வீட்டில் கேட்ட பழக்கத்தில், முடி வெட்டுகிறவருக்கு ஒரு சொல் சொன்னாய். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். நீ அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் உன் வகுப்பில் இரண்டாவது வரிசையில் பாலாஜி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா முருகேசனுக்கு அஸ்தினாபுரத்தில் சலூன். இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் அந்தச் சொல் அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் முருகேசன் உன் வகுப்பு வாசலில் நின்றார். சட்டைக் காலரில் வெட்டிய முடி ஒட்டிக்கொண்டிருந்தது. கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

“இன்னா டீச்சர், கதை சொல்றேன்னுகினு எம் புள்ளைய பேஜார் பண்றீங்களே, நாயமா இது? நேத்து வூட்டுக்கு வந்து சோறு துன்னல. ‘நாமதான் குரங்கு வாலை வெட்டுனோமாப்பா’ன்னு கேக்குறான். நான் இன்னா சொல்லட்டும் அவனாண்ட?”

உன் முகம் செத்துப்போயிற்று. “மன்னிச்சுக்கங்க அண்ணா. அந்த வார்த்தை என் வாயில வந்திருக்கவே கூடாது” என்றாய்.

“வார்த்த தப்புதான். அத்தோட வுடல. கதையே தப்பு டீச்சர். எவனாச்சும் வேணும்னு வெட்டுவானா? குரங்கு ஆடிச்சி. ஆடுனா வெட்டத்தான் வெட்டும். எங்க வூட்ல அப்படித்தான் சொல்லுவோம். ஆடாம குந்துடான்னா குந்தணும்.”

நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இதோடு இவள் கதைப் பீரியடு ஒழிந்தது என்று நினைத்தேன். நீயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நீங்களே வந்து சொல்லுங்கண்ணா, உங்க வீட்டுக் கதையை” என்கிறாய்!

“நானா? போ டீச்சர். எனுக்குக் கடை கீது.”

“கடை லீவு எப்ப?”

“செவ்வாய்க்கெழம.”

அப்படித்தான் வெள்ளிக்கிழமைக் கதைப் பீரியடு செவ்வாய்க்கிழமைக்கு மாறியது. ஊர் முழுக்க சலூன் மூடியிருக்கும் நாள். டைம்டேபிளை மாற்றுவதற்கு நீ ஹெட்மிஸ்ட்ரஸிடம் என்ன பொய் சொன்னாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் வந்தார். சலவைச் சட்டை, கையில் துண்டு, ஒரு சீப்பு. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் மேலே என் வகுப்பிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுபோய்ப் போட்டார், சின்னப் பிள்ளைகளுக்குக் கடையில் போடுகிற மாதிரியே. ஒரு பையனைக் குரங்காக்கி அதில் ஏற்றி, கழுத்தில் துண்டைக் கட்டி, வாயாலேயே கத்தரிக்கோல் சத்தம் போட்டார். பலகையைப் பார்த்ததுமே வகுப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. பஞ்சாபியோ தமிழோ, அந்தப் பலகையில் ஏறி அழாத பிள்ளை உண்டா? குரங்கு நெளிய நெளிய, “ஆடாதே! ஆடாதே!” என்று முழு வகுப்பும் அலறியது. என் வகுப்பும் தட்டி வழியாகச் சேர்ந்து அலறியது. பாலாஜி மட்டும் கத்தவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நீ பார்த்தாயோ இல்லையோ, தட்டியோரம் நின்று நான் பார்த்தேன்.

அந்தப் பலகையில் ஏறாத பிள்ளையும் ஒன்று இருந்தது. ஜஸ்பீர். ஏர்ஃபோர்ஸ் பையன், உச்சந்தலையில் கொண்டை, அதன் மேல் நீலத் துணி. “இவர் என்ன செய்கிறார்?” என்று அவன் கேட்டான். முடி வெட்டுகிறார் என்றோம். “எதற்கு?” என்றான். அவன் வீட்டில் யாருக்குமே முடி வெட்டியதில்லை.

வகுப்பு ஆடிப்போய்விட்டது. உனக்கு மொட்டையே போடலையா? எனக்குத் திருத்தணியில் போட்டாங்க. எனக்கு வேளாங்கண்ணியில். எங்க தம்பிக்குப் பொறந்த ஏழாம் நாளே போட்டாங்க. ஆளாளுக்குத் தலையைத் தடவிக் காட்டினார்கள். ஜஸ்பீர் உதட்டைப் பிதுக்கினான், அழுகை வரும்போல இருந்தது. முருகேசன் அவன் பக்கத்தில் குந்தி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கொண்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “யாரு கட்டுனது? அம்மாவா? எவ்ளோ நீட்டா கட்டிக்கீறாங்க பாரு! இத்தத் தொட நமக்கு வேலையில்ல கண்ணு” என்றார். நீ அதை உனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னாய். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்புறம் அவன் ஒரு கதை சொன்னானே! அவன் குரங்கு சலூனுக்குப் போகவே போகாதாம். நேரே வீட்டுக்குப் போகுமாம். அம்மாக் குரங்கு ஊசியால் முள்ளை எடுத்துவிடுமாம். அவ்வளவுதான். “அப்போ கத்தி எப்படிக் கிடைக்கும்? மேளம் எப்படிக் கிடைக்கும்?” என்று மற்றவர்கள் சண்டைக்குப் போனார்கள். “மேளம் வேண்டாம், வால் இருக்கிறது” என்றான் ஜஸ்பீர். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த வருஷம் முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள், வால் கட்சி, மேளம் கட்சி.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், இப்போது என் தலையில் வந்து விழுந்திருப்பதற்காக.

நம் கரஸ்பாண்டென்ட் சார் பொல்லாதவர் இல்லை. உனக்கே தெரியும், உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை வந்தார். ஆனால் வடக்கே நடந்த கலவரங்களைப் பேப்பரில் படித்ததிலிருந்து மனுஷனுக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் யார் மனசும் புண்படக் கூடாது. அந்த எண்ணத்தில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. போன மாதம் என்னைக் கூப்பிட்டு, “ஸ்டெல்லா சொன்ன கதையெல்லாம் ஒரு புத்தகமா போடலாம் டீச்சர், அவங்க ஞாபகார்த்தமா. அட்டைல போட்டோ. தொகுத்தது நீங்கன்னு போட்டுடலாம்” என்றார். நான் அவர் அறையிலேயே அழுதுவிட்டேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து, நீ கையாலும் காலாலும் சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கதை வராது, நான் சொன்னால் வாய்ப்பாடு மாதிரி இருக்கும் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். இருந்தும் எழுதினேன்.

டி.டி.பி. கடையிலிருந்து ப்ரூஃப் வந்தது. எடுத்துப் படித்தேன். ஐயோ ஸ்டெல்லா, என்ன சொல்ல!

சாதித் தொழில் வரக் கூடாதாம். சாமி வரக் கூடாதாம். பேய் வரக் கூடாதாம். மாமிசம் வரக் கூடாதாம். பானை செய்கிறவர் ‘ஒரு மனிதர்’. துணி வெளுக்கிறவர் ‘ஒரு மனிதர்’. தொப்பி போட்ட அத்தர் வியாபாரி, பிள்ளைகள் உயிரையே விடுமே, அவரும் ‘ஒரு மனிதர்’. கோவளத்தில் மீன் விற்கும் அம்மாள் கதை இருக்கிறதல்லவா? அந்த அம்மாள் ‘ஒரு பெண்மணி’. கூடையில் மீன் இல்லை, ‘பொருள்’. கடலில் வலை வீசிப் பொருள் எடுத்தார்களாம். என்ன பொருள்? அறுந்த செருப்பா? குரங்குக் கதையில் முருகேசனையும் காணோம், பலகையையும் காணோம். ‘குரங்கு ஒரு மனிதரிடம் சென்றது.’

ப்ரூஃபைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “சார், இவங்கல்லாம் எங்கே போனாங்க?”

“டீச்சர், அன்னிக்கே ஒரு பேரன்ட் வந்து சண்டை போட்டார் இல்ல? ஞாபகம் இல்லையா? அந்த மாதிரி யாரும் திரும்ப வந்து நிக்கக் கூடாது பாருங்க.”

யார் வந்து சண்டை போட்டாரோ, அவரைக் காரணம் காட்டியே அவரை எடுத்துவிட்டார்கள். யாரையுமே சொல்லாமல் விட்டால் யாருக்குமே வலிக்காது என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? நீ இருந்திருந்தால் சிரித்துப் பேசியே அவரை வழிக்குக் கொண்டுவந்திருப்பாய். எனக்கோ பேச்செல்லாம் கத்தலாகத்தான் வருகிறது. கத்தினேன். “பிள்ளைங்களுக்கே படிச்சுக் காட்டிப் பார்ப்போம் டீச்சர்” என்றார்.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரே வாசித்தார். நல்ல குரல், பிள்ளைகளும் ஒழுங்காகக் கேட்டார்கள். ‘குரங்கு ஒரு மனிதரிடம் சென்றது. அந்த மனிதர் ஒரு கத்தியை எடுத்தார். குரங்கின் வாலை வெட்டினார்.’

முன் வரிசையில் நஸ்ரின் கையைத் தூக்கினாள். மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள், வாய்த்துடுக்கு. “சார், அவர் ரவுடியா?”

“இல்லம்மா. நல்லவர்.”

“நல்லவர் எதுக்குக் கத்தி வெச்சிருக்காரு?”

சார் பேப்பரைப் பார்த்தார். பேப்பரில் அதற்குப் பதில் இல்லை. பின்னாலிருந்து ஒருவன் “போலீஸ் வரலையா சார்?” என்றான். இன்னொருத்தி, ஏர்ஃபோர்ஸ் பிள்ளை, “சோர், சோர்” என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கினாள். திருடனாம். சார் என்னைப் பார்த்தார், டீச்சர் ஏதாவது சொல்லுங்களேன் என்கிற மாதிரி. நான் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டேன். யாரையும் புண்படுத்தக் கூடாது என்று தொழிலை உருவிவிட்டார்கள், கையில் கத்தியை மட்டும் விட்டுவைத்தார்கள். பிள்ளைகள் பிறகு வேறென்ன நினைக்கும்?

இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். புரிந்தது. மறுநாள் அந்தக் கதையையே அடித்துவிட்டார். “வன்முறையாவும் இருக்கு டீச்சர், விட்டுடலாம்.” தலையை எங்கே போய் முட்டிக்கொள்ள?

அன்று சாயங்காலம் குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, கேட்டைத் தாண்டி அஸ்தினாபுரம் சலூனுக்கு நடந்தேன். முருகேசன் ஒருவருக்கு ஷேவிங் செய்துகொண்டிருந்தார். பாலாஜி மூலையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தான். பெரிய கிளாஸுக்குப் போய்விட்டான், மீசை முளைக்கும்போல இருக்கிறான். சங்கதியைச் சொன்னேன். சோப்பு நுரையோடு அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சொல்றீங்க டீச்சர்? எங்கள நல்லவிதமா சொல்லுன்னுதானே அன்னிக்கு சண்ட போட்டேன்? சொல்லவே சொல்லாதன்னா சொன்னேன்?”

“இல்லண்ணா, நீங்க அப்படிச் சொல்லல” என்றேன். பாலாஜி எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம்தான் கஷ்டமான காரியம். உன் அம்மா. செம்பாக்கம் வீட்டில் உன் போட்டோ மாட்டியிருந்த ஆணி வெறுமனே இருக்கிறது, அட்டைக்கென்று போன மாதமே கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள், என் பொண்ணு பேர்ல புக்கு வருது என்று. சர்ச்சில்கூடச் சொல்லியாயிற்று. இந்தப் புத்தகத்துக்காக அந்த அம்மா எப்படிக் காத்திருக்கிறார்கள் தெரியுமா? என் பேரைப் போடாதே என்று நான் சாரிடம் சொல்லிவிடலாம். உன் பேரை எடுக்கச் சொல்ல நான் யார்? பெற்றவர்கள் ஆசையில் மண்ணைப் போட எனக்கு என்ன உரிமை? இது என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் அடித்தது. உன்மேலும் கோபம் வந்தது. இப்படி ஒரு இக்கட்டில் என்னை மாட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று.

ஒன்றும் சொல்லக் கூடாது, சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன். காப்பி கொடுத்தார்கள். உட்கார்ந்ததுமே கேட்டார்கள்.

“குரங்கு கதைதானே வசந்தா மொதல்ல வருது?”

பொய் சொல்ல வரவில்லை. “அது வராதும்மா. எடுத்துட்டாங்க.”

“ஏன்?”

சொன்னேன். ரவுடியா என்று நஸ்ரின் கேட்டது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

“ஆஸ்பத்திரியில பக்கத்து பெட் குழந்தைக்குக்கூட அதத்தான் சொன்னா. எந்திரிச்சு உக்கார முடியல, படுத்துக்கிட்டே கட்டிலத் தட்டுனா” என்றார்கள். பிறகு, “அது இல்லாத புக்குல இருக்கிறது யாரு? என் பொண்ணு இல்லையே. நீ போட்டோவைத் திருப்பி வாங்கிட்டு வந்துடு, வசந்தா” என்றார்கள்.

நேற்று போட்டோவை வாங்கிவிட்டேன். சாருக்கு வருத்தம். புத்தகம் எப்படியும் வருமாம், உன் பேர் இல்லாமல், என் பேரும் இல்லாமல். வந்ததும் செவ்வாய்க்கிழமைப் பீரியடில் அதைத்தான் வாசிக்க வேண்டுமாம். வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்ன செய்வார், தெரியாது. வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது ஸ்டெல்லா. உன்னிடம் மறைப்பதற்கு என்ன?

உன் பேரைச் சுமக்க ஒரு புத்தகம் வந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போய்விட்டது. ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை முருகேசன் அண்ணா வருகிறேன் என்றிருக்கிறார். நஸ்ரின் அவரிடமே கேட்கட்டும், எதற்குக் கத்தி வைத்திருக்கிறீர்கள் என்று. அவர் பதில் சொல்லட்டும். அடுத்த வாரம் அவள் அப்பாவைக் கூப்பிடப் போகிறேன், பாத்திரக்கடையில் என்னென்ன கதை இருக்கிறதோ. எனக்கு உறும வராது, மேஜையில் ஏறவும் முழங்கால் விடாது. என்னால் முடிந்த ஒன்றை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற கடைசிச் செவ்வாய்க்கிழமை வரைக்கும், என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் அப்பனையும் ஆத்தாளையும் ‘ஒரு மனிதர்’ என்று சொல்லமாட்டேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் நீ வாய்க்கு வாய் கூப்பிட்ட,
உன் வசந்தா அக்கா